ரப்பருக்குக் கீழே

மழை உள்ளே வந்துவிட்டதென்று முதலில்
டிலக்சியின் இடது முழங்காலுக்குத்தான் தெரியும்.
அதற்கென்றே முன் சீட்டில்
ஒரு துண்டுத் துவாய் வைத்திருந்தேன்.
ஆமர் வீதிச் சந்தியில் சிவப்பு விழுந்தால்
யன்னலால் கையை நீட்டிப் பிழிவாள்.
பழைய டொல்பின். பதினாறு பிள்ளைகள்.

பஞ்சிகாவத்தையில் மஃரூப் நானா
கண்ணாடியைச் சுற்றி விரலை ஓட்டினார்,
பல்வைத்தியர் முரசைத் தடவுகிற மாதிரி.
"சிலிக்கன் பூசிப் பூசி ஏமாத்தியிருக்கீங்க தம்பி.
கழட்டணும்."

சனிக்கிழமை கழற்றினோம்.
வைப்பர் கைகள் முதலில்.
பிறகு முனை மழுக்கிய ஸ்குரூ டிரைவரால்
ரப்பரின் உதட்டைக் கிளப்பிக் கிளப்பி ஒரு சுற்று.
லசித உள்ளே மல்லாந்து படுத்து
பழந்துணி சுற்றிய இரண்டு பாதங்களையும்
கண்ணாடியில் வைத்தான்.
"ஹெமின், ஹெமின்" என்றார் நானா வெளியே நின்று.
மேல் மூலையில் பிளாஸ்டர் உரிகிற சத்தம்.
வந்தது,
ஒன்பது வருட வரிப்பத்திரங்களின் பசைத் தழும்போடு.
பழைய டயர்களின் மேல் கிடத்தினோம்.
ஒரு காகம் அதற்குள் பறந்து போனது.

தகரப் பள்ளத்தில் மண், பென்சில் துண்டு,
இரண்டு ரூபாய்க் குற்றி, செதில் செதிலாய்த் துரு.
கம்பித் தூரிகை போகப் போக
பச்சைக்குக் கீழே
ஒரு விரல் அகலத்துக்கு
நாலு பக்கமும்
வெள்ளை.

எனக்குத் தெரியும்.
பதிவுப் புத்தகத்தில் எனக்கு முன் ஐந்து பெயர்.
நிறம் என்ற கட்டத்தில் ஒரு சொல்லை வெட்டி
மேலே பச்சை என்று எழுதியிருந்தது.
விலை குறைவு.
நான் ஒன்றும் கேட்கவில்லை.

கேட்டது டிலக்சியின் அம்மா.
முதல் நாள், ஜம்பட்டா வீதியில்,
புத்தகப் பையைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு,
"இது முந்தி என்ன நிறம்?"
பச்சைதான் அக்கா, எப்பவும் பச்சை.
அவர் பக்கக் கதவை ஒருமுறை இழுத்து மூடினார்.
அந்தச் சத்தத்துக்குக் காது கொடுத்தபடி
கொஞ்ச நேரம் நின்றார்.
பிறகு பையைத் தந்தார்.
"முன்னுக்கு இருத்துங்கோ.
வெளியில நிக்கிற ஆக்களுக்குத் தெரிய வேணும்."

நானா தூரிகையை நிறுத்தினார்.
லசித ரேடியோவைக் குறைத்தான்,
ஏனென்று தெரியாமலே.
"பழைய வண்டிதானே," என்றார் நானா
யாருக்கென்றில்லாமல்.
"ரப்பர் போட்டா தெரியாது."
துரு தின்ற இடத்துக்கு மட்டும் சிவப்பு ஒக்சைட் பூசினார்.
காயட்டும் என்று தேத்தண்ணி எடுத்து வந்தான் லசித.
மூன்று பேரும் வேறு வேறு பக்கம் பார்த்துக் குடித்தோம்.

புது ரப்பரைக் கண்ணாடிக்குப் போட்டு
அதன் வாய்க்காலில் நைலோன் கயிறு பதித்து
சவர்க்கார நுரை தடவித் தூக்கி வைத்தோம்.
வெளியே நானா உள்ளங்கையால் தட்டத் தட்ட
உள்ளே கயிற்றை இழுத்தது நான்தான்.
அங்குலம் அங்குலமாய் உதடு மடிந்து
தகரத்தின் மேல் ஏறி உட்கார்ந்தது,
வெள்ளையை விழுங்கிக்கொண்டு.
கயிறு முடிந்தபோது
கையில் ஒரு ஈரச் சுருள்,
உள்ளங்கைக்குக் குறுக்கே ஒரு கோடு.

லசித பத்து நிமிடம் பைப்பைப் பிடித்தான்.
உள்ளே இருந்து பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை.
தண்ணீருக்கு அப்பால் நானாவின் வாய் அசைந்தது.
ஒன்றும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை நல்ல மழை.
டிலக்சி துவாயை விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.
ஆமர் வீதி. சிவப்பு.
முழங்காலைத் தொட்டுப் பார்த்தாள்.
"அங்கிள், இனி வராதா?"
வராது என்றேன்.
மழையைத்தான் சொன்னேன்.

பின்னேரம் குடையோடு அம்மா நின்றார்.
கண்ணாடியைப் பார்த்தார்.
"புதுசா?"
ரப்பர் மட்டும், அக்கா.
இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.
பின்னால் ஒரு பஸ்காரன் ஹோர்ன் அடித்தான்.
பக்கக் கதவை மெதுவாகத்தான் இழுத்தேன்.
மெதுவாக மூடத் தெரியாத கதவு அது.